எல்லாப் படத்திலும் பாப்பம்மா

படங்களை மேசைமேல் பரப்பிவிட்டு ஜைனல் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். தான் எடுத்த படங்களுக்குத் தானே பயப்படும் புகைப்படக்காரரைப் பரஞ்சோதி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க ஐயா. ஒண்ணுல இல்ல, எல்லாத்துலயும் பாப்பம்மா நிக்கிறா."

பரஞ்சோதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். போலீஸ் துப்பறியும் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து, வெள்ளைக்கார மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். இப்போது மலாயாவின் சுங்கைப்பட்டாணியில், முகம்மது ஹனீபா சாப்பாட்டுக்கடையின் மாடியில், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். மீன் குழம்பு வாசனை ஏறி வரும் ஆபீஸ்.

எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள். கல்பாலத் தோட்டத்து ஆட்கள். ஒவ்வொரு முகத்தையும் வெள்ளைப் புகை பாதி விழுங்கியிருந்தது. புகைக்கு நடுவே, தோளுக்குப் பின்னால், கருப்பாக ஓர் உருவம். தலை இல்லை. கைகள் இரண்டும் மேலே வளைந்து கோத்திருந்தன. கிழவன் படத்தில் அதே உருவம், குமரி படத்தில் அதே உருவம், அதே இடத்தில்.

"யார் இந்தப் பாப்பம்மா?"

"மனோகரன்னு ஒரு ரப்பர் பால்மரம் வெட்டுறவரு. அவரோட மூத்த சம்சாரம். செத்து ஒரு வருஷம் ஆச்சு."

"செத்தவங்களுக்கும் ஐசி அட்டை வேணுமாம் அண்ணே. எமர்ஜென்சி அவ்வளவு கண்டிப்பு லா," என்றான் மஜீத். பரஞ்சோதியின் உதவியாளன், மோரிஸ் காடியின் டிரைவர், வாயை மூடத் தெரியாதவன்.

ஜைனல் சிரிக்கவில்லை. "உனக்கு வெளையாட்டு தம்பி. போலீஸ் மாத்தா வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் வச்சிருந்துதான் விட்டான். காட்டுக்காரக் கம்யூனிஸ்டுங்க தோட்டத்துல பூந்து எல்லாரோட ஐசியையும் பிடுங்கிட்டுப் போனானுங்கல்ல? புது கார்டுக்குப் படம் எடுக்கப் போனவன் நான். படத்தை வேணும்னே கெடுத்தேன், காட்டுக்காரனுக்கு ஒத்தாசை பண்றேன்னு சொல்றான். பேயின்னு சொன்னா நம்புவானா?"

"நானே நம்ப மாட்டேன் பாய். அன்றைக்கு ராத்திரி எங்கே தங்கினீர்கள்?"

"ஊரடங்கு நேரமாயிடுச்சு. மனோகரன் வீட்டு அஞ்சடித் திண்ணையில படுத்தேன். பிலிம் பெட்டியை மட்டும் உள்ளே, அவர் படுக்குற பலகைக்கு அடியில தள்ளி வச்சேன். காலையில அந்தப் பிலிம்லதான் எல்லாப் படமும் எடுத்தேன்."

பரஞ்சோதி சன்னல் வழியே கீழே பார்த்தார். ஜைனலின் சைக்கிள் கடைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"மஜீத், பாயிடம் சாவி வாங்கி அந்தப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வா."

மஜீத் கொண்டுவந்தான். கனத்த பித்தளைப் பூட்டு. பரஞ்சோதி அதை ஒரு படத்தின் மேல், கருப்பு உருவத்தின் மேல் வைத்தார். உருவம் மறைந்தது. பூட்டின் ஓரத்தில் ஒரு மயிரிழைகூட வெளியே தெரியவில்லை. மேலே வளைந்து கோத்த கைகள் பூட்டின் வளையம்.

"பெட்டியின் மேல் இதை வைத்திருந்தீர்களா?"

ஜைனல் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆமாங்கய்யா... வச்சிருந்தேன்."

"அப்போ பாப்பம்மா செத்து சைக்கிள் பூட்டாப் பொறந்துட்டாங்களா?" என்றான் மஜீத்.

"பூட்டு நிழல்தான் விழுந்திருக்கிறது. அடுக்கி வைத்த பிலிம் அத்தனையிலும் விழுந்திருக்கிறது. ஆனால் மஜீத், பெட்டி மூடியிருந்தது. உள்ளே கருப்புக் காகிதம் சுற்றியிருந்தது. பலகையையும் பெட்டியையும் காகிதத்தையும் துளைத்துக்கொண்டு வந்த வெளிச்சம் பித்தளையிடம் மட்டும் கொஞ்சம் தடுமாறியிருக்கிறது. அப்படிப்பட்ட வெளிச்சத்தை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்தான் பார்த்திருக்கிறேன்."

"லயத்துல மண்ணெண்ணெய் வெளக்குதானே அண்ணே இருக்கு?"

"அதனால்தான் போகிறோம். பாய், புதுப் பிலிமைக் கருப்புக் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றிக் கொடுங்கள். கையில் அடங்கும் பொட்டலமாக."

*

கல்பாலத் தோட்டம் மெர்போக்குக்கு உள்ளே இருந்தது. ஜெராய் மலையிலிருந்து இறங்கிய மேகம் ரப்பர் மரங்களுக்கிடையில் புகுந்து, பகல் பதினொரு மணிக்கே பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்களை உடைத்துவிட்டு, எல்லாரையும் முள்கம்பி வேலிக்குள் புது லயங்களில் அடைத்திருந்தார்கள். வாசலில் துப்பாக்கிக்காரன் வெளியே வருகிறவர்களின் மடியைத் தடவிப் பார்த்தான். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது.

கம்பிக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் ஜனங்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. கடைசி வீட்டைக் கடக்கும் பெண்கள் எச்சிலைத் துப்பிவிட்டு வேகமாக நடந்தார்கள்.

அதுதான் மனோகரன் வீடு. உள்ளே பலகைப் படுக்கையில் உட்கார்ந்திருந்த மனுஷனைக் கண்டதும் மஜீத் ஓர் அடி பின்னால் வைத்தான். இடது பக்கம் அடர்த்தியான சுருள் முடி. வலது பக்கம் காதுக்கு மேலிருந்து உச்சிவரை ஒன்றுமில்லை. சவரம் செய்ததுபோல் இல்லை, எதுவோ தடவித் தடவித் தேய்ந்துபோனதுபோல் இருந்தது. காதுக்குப் பின்னால் தோல் சிவந்து ஈரமாகக் கசிந்தது.

"அவதாங்க," என்றார் மனோகரன், மெல்ல. "எனக்கு வலது பக்கம்தான் படுப்பா. என் தலையக் கோதி விட்டுக்கிட்டே தூங்குவா. இப்பவும் கோதுறா. காலையில எழுந்தா முடி கையோட வருது."

கதவோரம் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை. மருதம்மாள், இரண்டாவது மனைவி. கரங்கானில் ஒரு தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்.

வெளியே கங்காணி சின்னையா காத்திருந்தார். "ஐயா, நீங்க டவுனுக்காரவங்க, நம்ப மாட்டீங்க. இந்தப் பொண்ணு காலெடுத்து வச்ச மறு வாரம் அவனுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சுது. ஒண்ணு, மூத்தவ கோவம். இல்ல, இவ எதையோ சோத்துல கலக்குறா. எதுவா இருந்தாலும் இவ வெளியே போகணும். நாளைக்கு மத்தியானம் லோரி வருது. ஏத்தி அனுப்பச் சொல்லி தொரைகிட்ட ஜனங்க கேட்டாச்சு."

"எங்கே அனுப்புவீர்கள்? அவள் கையில் ஐசி இல்லையே?"

"அது எங்க பாடு இல்லீங்க."

ஐசி இல்லாமல் கம்பிக்கு வெளியே ஒரு பெண். அடுத்த ரோட்டுத் தடுப்பிலேயே பிடித்து லோக்கப்பில் போடுவார்கள். அங்கிருந்து தடுப்பு முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். சின்னையாவுக்கும் அது தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

பரஞ்சோதி உள்ளே திரும்பினார். "அம்மா மருதம்மா, ஒரு உதவி. இந்தப் பொட்டலங்களை நான் வைக்கிற இடத்திலேயே நாளைக் காலைவரை விட்டுவிடு. யாரும் பிரிக்கக்கூடாது."

ஒன்றைச் சாமிப் படத்தடியில் வைத்தார். ஒன்றைப் படுக்கையருகே இருந்த தகரப்பெட்டிக்குள், ஒன்றை அடுப்படியில், ஒன்றைக் கூரை மூங்கிலில். கடைசிப் பொட்டலத்தைப் படுக்கையின் தலைமாட்டில் செருகினார்.

"இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் அஞ்சடியில் படுங்கள்," என்று மனோகரனிடம் சொன்னார்.

மருதம்மாள் வாசல்வரை வந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் அழவில்லை. "ஐயா, எனக்கு அந்த அக்காவப் பாத்துப் பயமில்ல. அவங்க சேலையெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன். அவங்களுக்கு நான் ஒண்ணும் செய்யலியே, ஏன் என்னைத் தொரத்துறாங்க?"

காடி தார்ரோட்டில் ஏறியதும் மஜீத் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு, "அண்ணே, என் வலது பக்கம் கொஞ்சம் பாருங்களேன். முடி இருக்கா?" என்றான்.

*

மறுநாள் விடிந்ததும் மஜீத் தோட்டத்திலிருந்து எடுத்துவந்த பிலிம்களைக் கழுவிக்கொண்டு ஜைனல் நேராக டாக்டர் பிரேமாவதியின் கிளினிக்குக்கு வந்தார். சுங்கைப்பட்டாணியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த பெண் டாக்டர் அவர் ஒருவர்தான். அதற்கு முன்னால் பினாங்கில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர். முதல்நாளே பரஞ்சோதி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

சாமிப் படத்தடியில் இருந்த பிலிமில் ஒன்றுமில்லை. அடுப்படியில், கூரையில் இருந்தவையும் அப்படியே. தகரப்பெட்டிப் பிலிமில் லேசான மங்கல். தலைமாட்டுப் பிலிம் மட்டும் கரியைப் பூசியதுபோல் முழுதும் கருத்திருந்தது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கை மெல்ல இறங்கியது.

"ரேடியம்," என்றார்.

"கைக்கடிகாரத்துல மினுங்குமே, அதுவா?" என்றான் மஜீத்.

"அதில் இருப்பது துளியிலும் துளி. இது வேறு. புற்றுநோய்க்குக் கொடுக்கிற ரேடியமாகத்தான் இருக்கும்." அவர் உட்கார்ந்தார். "நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. முடி சுருளாக வளரவேண்டுமா, தோல் கருப்பாக இருக்கவேண்டுமா, எல்லாக் கட்டளையும் அந்த இழையில்தான், அம்மா அப்பா கொடுத்தது. ரேடியத்தின் கதிர் அந்த இழையை அறுக்கும்."

"அறுத்தால் அணு செத்துவிடுமா?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"உடனே சாகாது. அதுதான் விசித்திரம். அறுந்ததும் அணு தன் வேலையை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். இரண்டாகப் பிரியவேண்டிய அணு பிரியாமல் நிற்கும். அறுந்த முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சரியாக ஒட்டினால் பிழைத்தது. ஒட்டாவிட்டால், அடுத்த முறை பிரியும்போது செத்துவிடும். தலைமுடியின் வேர் ஓயாமல் பிரிகிற அணு. அதனால் அது முதலில் சாகும். ஆனால் வேர் செத்த விஷயம் முடிக்குத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை முடி ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கும்."

பரஞ்சோதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "என்ன சொன்னீர்கள்? மூன்று வாரமா?"

"ஏறக்குறைய."

"மருதம்மாள் வந்த மறு வாரமே முடி கொட்டியிருக்கிறது!"

மஜீத் எழுந்தே விட்டான். "அப்படின்னா அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாலயே வேர் செத்துப் போச்சு! அவ கழுத்துல தாலி ஏறும்போது மாப்பிள்ளை தலையில நின்னது செத்த முடி!"

"அவள் குற்றவாளி இல்லை. சாட்சி அவர் தலையிலேயே இருக்கிறது," என்றார் பரஞ்சோதி. "ஆனால் டாக்டர், யாரோ அதை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருந்தால் இது கொலை. சத்தமில்லாமல், தடயமில்லாமல், தூக்கத்திலேயே நடக்கிற கொலை."

டாக்டர் டெலிபோனை எடுத்தார். பினாங்கிலிருந்து ஈயக் குடுவை ஒன்று பெர்ரிப் படகில் ஏறி, காடியில் வந்து சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

*

அவர்கள் தோட்டத்து வாசலை அடைந்தபோது லோரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மருதம்மாள் துணிமூட்டையோடு பின்பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். யாரும் திட்டவில்லை.

மஜீத் மோரிஸைக் கொண்டுபோய் லோரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினான். "என் காடி பழசு லா. இங்கதான் நிக்கும்னு அடம்பிடிக்குது," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

பரஞ்சோதி நேராக மனோகரனிடம் போனார். "இந்தப் புது வீட்டுக்கு எப்போது வந்தீர்கள்?"

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாலங்க. லயத்த உடைச்சு எல்லாரையும் இங்க ஏத்திவிட்டாங்கல்ல."

"வந்த அன்றைக்குப் புதிதாக எதை எடுத்துப் புழங்க ஆரம்பித்தீர்கள்? படுக்கையில்?"

மனோகரன் யோசித்தார். பிறகு தலைமாட்டைப் பார்த்தார். "தலகாணிதான். பாப்பம்மாவே தச்சது. அவ செத்ததும் பார்க்க முடியாம தகரப்பெட்டியில போட்டு மூடிட்டேன். சாமான் மாத்துறப்போ கையில வந்துச்சு. சாகுறதுக்கு முன்னால, இதுல நீங்க மட்டுந்தான் படுக்கணும், வேற யாரையும் படுக்க விடாதீங்கன்னு சத்தியம் வாங்கினா. அதான் மருதம்மா தலையக்கூட அதுல வைக்க விடல."

டாக்டர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். நீளமான இடுக்கியும் கத்தரியும் அவர் கையில் இருந்தன. பரஞ்சோதி கதவோரம் நின்று பார்த்தார். தலையணையின் வலது மூலையில் மட்டும் தையல் வேறு மாதிரி இருந்தது. வெள்ளை நூல் தையலுக்கு நடுவே கருப்புப் பட்டுநூல் ஒன்று முடிச்சோடு நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் மூலையை வெட்டி இலவம்பஞ்சை விலக்கினார். நூலின் மறுமுனையில், பஞ்சுக்குள், சிறிய வெள்ளி நிற ஊசி ஒன்று கிடந்தது. நெல்மணியைவிடச் சற்று நீளம். அவ்வளவுதான்.

டாக்டர் இடுக்கியால் அதைத் தூக்கி ஈயக் குடுவைக்குள் போட்டு மூடியை இறுக்கினார்.

"இந்த நூல் முடிச்சு எங்கள் வார்டில் போடுவது," என்றார். "பரஞ்சோதி, அந்த அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டீர்களா?"

"வயிற்றில் நோய் என்றார்கள்."

"கருப்பையில் புற்று. வார்டில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊசிகளை உள்ளே வைத்துக் கட்டி, படுக்கையில் அசையாமல் இருக்கச் சொல்வோம். அந்த வாரம் தோட்டங்களில் பட்டாளம் புகுந்து ஆம்பிளைகளைப் பிடித்துப் போகிறதென்று வார்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் அந்த அம்மா கட்டோடு எழுந்து ஓடிவிட்டார். ஓர் ஊசி குறைந்தது. சாக்கடையெல்லாம் தேடினார்கள். குப்பையோடு எரிந்திருக்கும் என்று மேலிடத்துக்கு எழுதி முடித்துவிட்டார்கள். ஊரும் பேரும் கேட்டு வர யாருக்கும் தைரியமில்லை."

"ஆனால் தலையணைக்குள் ஏன்?" என்றார் பரஞ்சோதி. கொலைகாரனைத் தேடி வந்தவரின் குரலில் இப்போது தயக்கம் இருந்தது.

"என்னிடம் ஒரு தரம் கேட்டார். இது என்னம்மா, இவ்வளவு பத்திரமா வைக்கிறீங்க என்று. நோயைக் கொல்லுகிற மருந்து, பொன்னைவிட விலை அதிகம் என்று நான்தான் சொன்னேன். உடனே கேட்டார், தலைவலிக்கும் கேக்குமா டாக்டரம்மா? நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்."

பரஞ்சோதி வெளியே வந்தார். மனோகரன் அஞ்சடியில் குந்தியிருந்தார்.

"உங்களுக்குத் தலைவலி உண்டா?"

"ரொம்ப வருஷமாங்க. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போனாங்கல்ல, அங்க ஒரு சிப்பாய் மூங்கிலால வலது பொடனியில அடிச்சான். அன்னையிலருந்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு வலி. அதான் பாப்பம்மா ராத்திரியெல்லாம் அந்தப் பக்கமே கோதிவிடுவா." அவர் நிமிர்ந்தார். "ஏங்கய்யா? யாரு வச்சது? யாரு எனக்கு வச்சது?"

பரஞ்சோதி எத்தனையோ குற்றவாளிகளின் பெயரைச் சொல்லியிருக்கிறார். இது குற்றவாளியின் பெயர் இல்லை. மனோகரன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தன் உடம்பிலிருந்து எடுத்த மருந்தைத் தான் செத்தாலும் புருஷனுக்கு உதவட்டும் என்று வைத்துத் தைத்துவிட்டுப் போனவளைப் பற்றிச் சொன்னார்.

மனோகரன் வீட்டுக்குள் திரும்பித் தலைமாட்டைப் பார்த்தார். பிறகு, "அவளுக்குக் குடுத்ததையும் எனக்கு வச்சுட்டாளா," என்றார். வலது கையால் முடியில்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தோளிரண்டும் குலுங்கின.

மஜீத் காடியிலேயே சாய்ந்து நின்று தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவனருகே வந்து நின்றார். பரஞ்சோதியும் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார். "புண் ஆறும். முடிகூட ஓரளவு முளைக்கலாம். ஆனால் எத்தனை அணுவில் இழை தப்பான முனையோடு ஒட்டியிருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. அது சாகாமல் அப்படியே இருந்து, பத்து வருஷம் கழித்து எழுந்தாலும் எழும். எழாமலும் போகலாம். அவரையும் அந்தப் பெண்ணையும் நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்."

சின்னையா லோரியின் பக்கம் போய் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். மருதம்மாள் கையிலிருந்து மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். ஜைனல் மேல் வழக்கு வேண்டாம் என்று சொல்லி, பூட்டின் நிழலையும் கருத்த பிலிமையும் ஸ்டேஷனில் காட்டும் பொறுப்பைப் பரஞ்சோதி ஏற்றுக்கொண்டார்.

மருதம்மாள் இறங்கி வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். செய்தி அதற்குள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவி, கடைசிப் பெண்ணிடம் வேறு உருவத்தில் வந்து சேர்ந்திருந்தது.

"அப்போ பாப்பம்மாதானே செஞ்சா? செத்தும் அவனைக் கொல்லப் பாத்திருக்கா பாரு," என்றாள் அவள்.

மருதம்மாள் நின்றாள். நேற்றுவரை அவளைக் கண்டு எச்சில் துப்பியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவள் குரல் இப்போது நடுங்கவில்லை.

"அக்கா மருந்து வச்சாங்க. அது என்ன மருந்துன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இனிமே எங்க வீட்டுல பேய் இருக்குன்னு யாரும் பேசக்கூடாது. அங்க இருந்தது எங்க அக்கா."

அவள் அஞ்சடிக்குப் போய் மனோகரனின் வலது பக்கம் உட்கார்ந்தாள்.